மாமனார் வண்டியில் வைத்த ஊஃபர்

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் என் மாமனார் என் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இத்தனைக்கும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு மாதத்தில் நான்கு தடவையாவது வருகிறவர். வாழை இலை வியாபாரம். புவனகிரி பக்கத்துத் தோட்டங்களில் இலை அறுத்துக் கட்டி, கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் தன் பழைய பிக்கப்பில் கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டு, மஞ்சக்குப்பத்தில் என் கடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஜூஸ் கடை ஓரமாக வண்டியை நிறுத்துவார். இறங்குவார், ஜூஸ் குடிப்பார், கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசுவார். மகளுக்கென்று கொண்டுவந்த வாழைப்பூவை நான் தெருவைத் தாண்டிப் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"உள்ள வாங்க மாமா" என்பேன்.

"இல்ல மாப்பிள்ள, எலை வாடிடும்" என்பார்.

வண்டியில் ஒரு இலை இருக்காது. எல்லாம் இறக்கிக் காலியாக நிற்கும்.

நான் ரோஷக்காரன். இதை நான் சொல்லவில்லை, என்னைப் பெற்றவள் சொல்வாள். யாராவது என்னைப் பார்த்துக் கொஞ்சம் மூக்கைச் சுளித்தால் போதும், அதை மூன்று நாள் மனசில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன். மாமனார் விஷயத்தில் இரண்டு வருஷம் உருட்டினேன். காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். என் தொழில் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுவது. கேசட் போய் சி.டி. வந்து, சி.டி.யும் போய் பென் டிரைவ் வந்துகொண்டிருந்த நேரம். கடையின் இரண்டு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை ஸ்பீக்கர்கள்தான். பெண் பேசப் போனபோது மாமனாரின் அண்ணன் ஒருவர், "ஸ்பீக்கர் மாட்டுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அண்ணன் வாயால் சொன்னதைத் தம்பி காலால் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் அடி மறுவீட்டுக்குப் போன அன்றே விழுந்தது. எங்களை அழைத்துப் போக மாமனாரே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கடலூர் வந்திருந்தார். அவர் வீட்டு டி.வி.க்கு வைக்கலாம் என்று என் கையாலேயே ஒரு ஊஃபர் பெட்டி, அதாவது கனத்த சத்தத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி, செய்து வைத்திருந்தேன். நல்ல தேக்கு நிறத்தில் பாலீஷ் போட்டு, கண்ணாடி மாதிரி இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு கேபினுக்குள் ஏறப்போனேன்.

"அது பின்னாடி இருக்கட்டும் மாப்பிள்ள" என்றார்.

"கீறல் விழுந்துடும் மாமா. மடியிலயே வச்சிக்கிறேன்."

"வேணாம். உள்ள வேணாம்."

இரண்டாவது தடவை சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. புது மாப்பிள்ளையிடம் பேசுகிற குரல் இல்லை அது. என் மனைவி கேபினுக்குள்ளிருந்து என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். சரி, பெட்டிக்கு இல்லாத இடம் எனக்கும் வேண்டாம் என்று பட்டு வேட்டியோடு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் எவ்வளவு கூப்பிட்டும் இறங்கவில்லை. இலைச் சருகு மேல் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, செம்மங்குப்பம் கெமிக்கல் ஃபேக்டரி நாற்றத்தை முழுசாக வாங்கிக்கொண்டு சிதம்பரம் வரை போனேன். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அத்தை, கேபினிலிருந்து மகள் மட்டும் இறங்குவதைப் பார்த்துத் திகைத்துப் போனார். நான் பின்பக்கத்திலிருந்து குதித்தேன். அந்தப் பெட்டியைப் பின்கட்டு அறையில் வைத்தார்கள். அதற்கப்புறம் அது அங்கேயே இருந்தது, ஒரு நாளும் கரண்டு கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு அதுவாகவே தெரிந்தது. கோயில் கூட்டத்தில் பக்கத்தில் நின்றால் அவர் இடது தோளை ஒதுக்கிக்கொள்வார். போட்டோ எடுக்கும்போது எனக்கும் அவருக்கும் நடுவில் யாரையாவது இழுத்து விடுவார். என் மொபைல் அடித்தால் ஒரு அடி தள்ளிப் போவார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவர் காசிக்குப் போய்வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பேச்சுக் கொடுக்கலாமே என்று "காசி எப்படி மாமா இருந்துச்சு?" என்று கேட்டால், "கூட்டம் ஜாஸ்தி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு இலையைப் பார்க்கப் போய்விடுவார். காசிக்குப் போனவர்கள் யாரும் அப்படி விட்டு நான் பார்த்ததில்லை. நாள் கணக்கில் பேசுவார்கள். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம் என்று நினைத்தேன்.

மனைவியிடம் சண்டை போட்டேன். "உங்கப்பாவுக்கு என்னைக் கண்டா ஆவல" என்பேன். "அப்படியெல்லாம் இல்லீங்க" என்பாள். "வேற எப்படி?" என்பேன். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் போவதும் எனக்கு ஒரு பதிலாகத்தான் பட்டது.

அந்த பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியைவிட வயதில் மூத்தது. நீண்ட மூக்கு, உருண்டை ஹெட்லைட், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். கேபினில் ஒரே நீள சீட், மூன்று பேர் உட்காரலாம். மாமனார் அதைத் தவிர எதையும் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. அதில் ஒரு பழைய ரேடியோ இருந்தது, ஒற்றை ஸ்பீக்கர், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். அவருக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கில் தாளம் போடுவார்.

ஒரு நாள் அவர் எதிர்ப்பக்கம் ஜூஸ் குடித்துக்கொண்டிருக்க, அந்தக் கரகரப்பு என் கடை வரை வந்தது. அப்போதுதான் தோன்றியது. என் கடைக்குள் அவர் வரமாட்டார் என்றால் என் கடையை அவர் வண்டிக்குள் வைத்துவிடுகிறேன். அந்த கேபினில் இரண்டு பத்து இஞ்சு சப்-ஊஃபர் வைத்து, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, இதுதான் என் தொழில் மாமா, இதைத்தான் உங்கள் அண்ணன் தொழிலா என்று கேட்டார் என்று காட்டிவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று ஏனோ தெரிந்திருந்தது.

பழைய பிக்கப்பில் ஊஃபர் வைப்பது லேசான வேலை இல்லை. காரில் டிக்கி இருக்கும், பெட்டியை வைத்துவிடலாம். இதில் சீட்டுக்குப் பின்னால் உடனே தகரச் சுவர். நடுவில் என் கை நுழைகிற இடம்தான். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், அங்கே ஆணி வைத்தால் அவ்வளவுதான். அந்த வாரமே மாமனார் வீட்டுக்குப் போனபோது, வண்டியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஒரு அட்டையை வெட்டிச் சொருகி அளவெடுத்துக்கொண்டேன். ஊஃபரின் ஆழம் பெட்டிக்குள் அடங்காது என்று தெரிந்தது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்பீக்கரைத் திருப்பிப் போடுவது. கூம்பு பெட்டிக்குள்ளே பார்க்க, காந்தம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் ஆழம் பாதியாகும், சத்தம் குறையாது. கடலூரில் அப்போது அப்படிப் போடத் தெரிந்தவர்கள் என்னைச் சேர்த்து இரண்டு பேர் இருந்தால் அதிகம். வெளியே நீட்டும் காந்தங்கள் அழுந்தாமல் இருக்க, சீட்டின் முதுகுப் பஞ்சைப் பின்பக்கமாகக் கிண்ணம் மாதிரி குடைந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

வடலூரில் மாதப் பூசம் வந்தது. மாமனார் வீட்டில் எல்லோரும் ஜோதி பார்க்கக் காலையிலேயே பஸ்ஸில் போய்விடுவார்கள், என் மனைவியும் முந்தின நாளே அங்கே போயிருந்தாள். வண்டிச் சாவி பின்பக்கத்து ஆணியில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு நான் போய் இறங்கினேன்.

சீட்டைக் கழற்றவே ஒரு மணி நேரமாயிற்று. நான்கு போல்ட்டும் துருப்பிடித்து வண்டியோடு ஒன்றாகியிருந்தன. ஒயர் இழுத்துப் புது பிளேயர் மாட்டுவதற்காக டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தபோது, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன அட்டை இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மாடல் நம்பர், சீரியல் நம்பர், பொருத்திய தேதி. ஓரத்தில் பேட்டரி என்று ஏதோ. வண்டி பேட்டரியின் வாரண்டி கார்டு என்று புரிந்துகொண்டேன். எந்த கம்பெனி என்று பார்த்தேன், நான் கேள்விப்படாத பெயர். என்னைக் கேட்டிருந்தால் நல்ல பேட்டரி வாங்கிக் கொடுத்திருப்பேனே, அதற்கும் வேறு யாரிடமோ போயிருக்கிறார் பார் என்று அதிலும் ஒரு கோபம் வந்தது. அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. பெட்டி சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது. சீட்டைப் பழையபடி ஏற்றி, புது ரெக்சின் உறை போட்டேன். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு காந்தமும் முதுகின் இரண்டு பக்கத்துக்கும் பின்னால், நடுவில் இரண்டு விரல் பஞ்சு. பாட்டு காதுக்கு வருவதற்கு முன்னால் முதுகுக்கு வந்தது. என் வேலையைப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

அவர்கள் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆச்சரியம். "மாமா, செருப்பக் கழட்டாதீங்க, வண்டில ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றேன். புது உறையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. சிரித்துக்கொண்டே ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாகக் கை விட்டுப் பாட்டைப் போட்டேன். தபேலா முதல் அடி விழுந்ததும் அவர் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கை தானாக ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எங்கேருந்துங்க வருது சத்தம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"சீட்டுக்குப் பின்னாடி" என்றேன் பெருமையாக. "திருப்பிப் போட்டிருக்கேன். ரெண்டு காந்தமும் மாமா முதுகுக்கு நேரா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒன்றரை கிலோ."

அத்தை கையிலிருந்த பிரசாதப் பை கீழே விழுந்தது. "ஐயோ, எறங்குங்க! எறங்குங்க!" என்று கத்திக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார். என் மனைவி கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுமாறி இறங்கி, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வண்டியை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்தது மொத்தமும் வந்தது. "என்ன, பாம்பையா வச்சிருக்கேன் வண்டில?" என்று கத்தினேன். "நான் தொட்ட சாமான் உங்களுக்கு ஆவாதா? கடைக்கு வர மாட்டீங்க. பெட்டிய கூடத்துல வைக்க மாட்டீங்க. பக்கத்துல நின்னா ஒட்டிக்கும்னு தள்ளிப் போவீங்க. பிடிக்கலன்னா ஏன் பொண்ணு குடுத்தீங்க?"

அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில்தான் அந்த வார்த்தைகள் வந்தன. "அவருக்கு நெஞ்சுல மிஷின் வச்சிருக்குங்க. காந்தம் கிட்ட வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மனைவி சொன்னாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்திருக்கிறார். இதயத் துடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டதாம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இடது தோள் எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அப்போதுதான் அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவுக்கு நெஞ்சில் மிஷின் என்று தெரிந்தால் வருகிற வரனெல்லாம் திரும்பிப் போய்விடும், அடுத்து ஒரு தங்கையும் இருக்கிறாள் என்று பயந்து, காசிக்குப் போயிருக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். கடையில் கங்கைச் செம்பு வாங்கி அத்தை வீடு வீடாகக் கொடுத்தாராம். எங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் ஒன்று இருக்கிறது.

வண்டியின் ஃபுட்போர்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த அட்டை நினைவுக்கு வந்தது. டேஷ்போர்டைத் திறந்து எடுத்தேன். "இது வண்டி பேட்டரி கார்டு இல்லையா?" என்று கேட்டேன்.

மாமனார் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார். "இல்ல மாப்பிள்ள. எம் பேட்டரி" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார்.

"நெஞ்சு எப்படி மாமா இருக்கு?"

"கொஞ்சம் படபடன்னுது. பாட்டுதான்னு நெனச்சேன்."

அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து, அவர் வழக்கமாகக் காட்டும் இதய டாக்டரிடம் போனோம். மாமனார், அத்தை, நான் மூன்று பேரும் பின்சீட்டில். நான் ஒரு ஓரத்தில் என் மொபைலை ஆஃப் செய்து காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்தேன். போகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், நான் ஆசையாக வைத்தது அவரைக் கொன்றிருக்கும். என் ரோஷம் அவரைக் கொன்றிருக்கும். எனக்கு அப்போது அவர் என்னை மதிக்கிறாரா இல்லையா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை, அவர் இருந்தால் போதும் என்று இருந்தது.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். அவரிடமிருந்த கருவியை நெஞ்சில் வைத்து மிஷினைச் சோதித்தார். ஒவ்வொன்றுக்கும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணும் ஆகல. காந்தம் ஒட்டினாப்ல வந்தா மிஷின் ஒரே சீரா அடிக்கும். தள்ளிப் போயிட்டா பழையபடி ஆயிடும். ஆனா வேணும்னு பண்ணக் கூடாது."

"எவ்ளோ தள்ளி இருக்கணும் சார்?" என்றேன்.

"ஆறு இஞ்சு."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"ஆறு இஞ்சுங்க. ஸ்பீக்கரைக் கட்டிப் பிடிச்சிக்க வேணாம், நெஞ்சுகிட்ட வைக்க வேணாம். அவ்ளோதான். ஒரு சாண் தள்ளி இருந்தா அவரு பாட்டுக்குப் பாட்டு கேக்கலாம்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மாமனாரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரில காந்தம் கிட்ட போவாதீங்கன்னாங்க. எவ்ளோன்னு கேக்கல" என்றார் மெதுவாக. ஆறு இஞ்சுக்குப் பதிலாக இவர்கள் ஒரு தெருவையே விட்டிருக்கிறார்கள். என் கடைக்குள் நிறைய காந்தம், அதனால் கடைக்கே வரக்கூடாது. பெட்டி ஓட வேண்டாம், பின்கட்டில் இருக்கட்டும். மாப்பிள்ளை சட்டைப் பையில் என்ன வைத்திருப்பாரோ, பக்கத்தில் நிற்க வேண்டாம். மறுவீட்டு அன்று நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அடம் பிடித்தேனே, அந்தப் பெட்டி அவருடைய இடது பக்கம்தான் வந்திருக்கும்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்று நன்றாக அழுதேன். அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கு ஒரு பாதி. அவருக்கு என்மேல் ஒன்றுமில்லை, ஒரு நாளும் ஒன்றுமே இருந்ததில்லை என்பதற்கு இன்னொரு பாதி. இரண்டு வருஷமாகத் தலையில் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி கழுத்து லேசாகிவிட்டது.

மனைவிமேல் கோபம் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். "ரெண்டு வருஷம் ஒரே வூட்டுல இருந்து சொல்லாம இருந்தியே" என்று கேட்டேன். "கல்யாணமான ஒடனே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க பின்னாடி ஏறி உக்காந்ததப் பாத்து பயந்துட்டேன். நாளாக ஆக பேச்ச எப்படி எடுக்கறதுன்னே தெரியல" என்றாள். முதலிலேயே தெரிந்திருந்தால் நான் அவளைக் கட்டியிருப்பேனா என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். நான் கட்டியிருப்பேன். என் அம்மா விட்டிருக்க மாட்டாள். அதனால் அந்தக் கோபத்தை அதிக நாள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது மாமனாரிடம் சொல்லிவிட்டேன். "மாமா, நாங்களும் ஒண்ணு மறைச்சிருக்கோம். அந்தக் கடை சொந்தக் கடைன்னு பொண்ணு பேசறப்ப சொன்னாங்க இல்ல? வாடகைக் கடைதான்."

"தெரியும் மாப்பிள்ள."

"எப்படி?"

"அந்த பில்டிங் ஓனரு மெஸ்ஸு வச்சிருக்காரு. எங்கிட்டதான் எலை வாங்குறாரு."

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா? அப்புறம் ஏன் மாமா குடுத்தீங்க?"

"நீங்க ஒண்ண மறைச்சீங்க, நாங்க ஒண்ண மறைச்சோம். சரியாப் போச்சுன்னு உட்டுட்டேன்" என்றார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை ஊஃபரைக் கழற்றப் போனேன். மாமனார் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டையும் வெளியே எடுத்து, சீட்டுப் பஞ்சை ஒட்டி முடித்ததும், "எல்லாத்தயும் எடுத்துடப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குப் பெரிய பரிசு. "நல்லா இருந்துச்சு மாப்பிள்ள. அப்படி நான் கேட்டதே இல்ல."

ஒன்றை மட்டும் வைக்கலாம் என்றேன். பின்கட்டு அறையில் இரண்டு வருஷமாகத் தூங்கிய தேக்கு நிறப் பெட்டியை எடுத்துவந்து, அதிலிருந்த பழையதை எடுத்துவிட்டு, கழற்றிய இரண்டில் ஒரு ஊஃபரைப் போட்டேன். இந்தத் தடவை திருப்பிப் போடவில்லை, காந்தம் பெட்டிக்குள்ளேயே. நீள சீட்டின் இடது ஓரத்தில், காந்தம் கதவுப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தி, கையாலேயே திருகிக் கழற்றுகிற நட்டுப் போட்டேன். அத்தை வந்து ஸ்டீயரிங்கிலிருந்து பெட்டி வரை தன் கையால் சாண் போட்டார். நான்கு சாண் வந்தது. ஒன்று போதும் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அத்தைக்கு மனசு ஒப்பவில்லை.

"வண்டி குலுங்கி பெட்டி இவரு மேல சாஞ்சிடுச்சுன்னா? தனியாப் போறப்ப கழட்டி வச்சிடணும். பாட்டுக் கேக்கணும்னா நடுவுல ஒரு ஆளு உக்காந்திருக்கணும்" என்று சட்டம் போட்டார்.

அன்று மத்தியானம் கடலூருக்கு இலை போட வேண்டியிருந்தது. நான் வழக்கப்படி பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் கிளம்பினேன். மாமனார் வண்டியைக் கிளப்பிவிட்டு, இடது பக்கக் கதவை எட்டித் திறந்தார்.

"எங்க போறீங்க? வாங்க, நடுவுல உக்காருங்க."

பெட்டியைத் தாண்டி உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். இடம் இறுக்கம். ஒரு பக்கம் நான் செய்த பெட்டி, மறுபக்கம் அவர். என் வலது தோள் அவருடைய இடது தோளில் முட்டியது. நான் சட்டென்று சுருக்கிக்கொண்டேன். "நல்லா உக்காருங்க மாப்பிள்ள, ஒண்ணும் ஆவாது" என்றார். வெள்ளாறு தாண்டுவதற்குள் பாட்டைப் போடச் சொன்னார். தபேலா என் விலாவில் இடித்தது, அவர் ஸ்டீயரிங்கில் தட்டியது என் தோள் வழியாகத் தெரிந்தது. செம்மங்குப்பம் வந்தபோது நாற்றம் கேபினுக்குள்ளும் அப்படியேதான் இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஜூஸ் கடை ஓரமாக வண்டி திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. என் கடை வாசலில் நின்றது. மாமனார் இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, வலது காலை உள்ளே வைத்தார். இரண்டு சுவரையும் கூரை வரை அண்ணாந்து பார்த்தார். நான் ஓடிப்போய் ஸ்டூலை எடுத்துக் கடையின் நடுவில், இரண்டு சுவருக்கும் சரிசமமாகப் போட்டேன். அவர் உட்கார்ந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஜூஸ் கடைக்காரர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இங்க வரலையா?" என்று கத்தினார்.

"ரெண்டு ஜூஸ் இங்க குடுத்தனுப்புப்பா" என்று மாமனார் திருப்பிக் கத்தினார். "எம் மாப்பிள்ள கடையில இருக்கேன்."